முந்தி ஓடிய ரீல்

அத்தியாயம் ஒன்பது

மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற இடத்தில் கண்ணீரை நம்பக் கூடாது. கதை நன்றாக இருந்தாலும் கண்ணீர் வரும், படுமோசமாக இருந்தாலும் வரும். அதனால் பொன்னுத்தங்கம் கதை சொல்லும்போது பெண்களின் கண்ணைப் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பாள்.

கிள்ளுகிற கை நின்றால் கதை பிடித்துவிட்டது என்று அர்த்தம். கை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் கதை எங்கேயோ படுத்துவிட்டது. மேலப்புதூர்ப் பெரிய வீட்டு மருமகள் இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை, அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

அறுபத்தொன்றாம் வருஷம் பங்குனி மாதத்து அந்தக் காலையில் பெரிய வீட்டுச் சரக்கு அடைக்கிற கிட்டங்கியில் தரை முழுக்க வத்தல் குவிந்து கிடந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கையும் கண்மூடித்தனமான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தப் பொண்ணு பேரு வள்ளி. அவ பொறந்தப்ப ஊருக்கே சீனி குடுத்தாரு அவ அப்பா. ஒத்தப் பொம்பளப் பிள்ளைன்னு அம்புட்டுச் செல்லம். பள்ளிக்கூடத்துக்கு வண்டி கட்டி அனுப்புவாரு…”

“வில்வண்டியா, மொட்டை வண்டியா தாயி?” என்றாள் ஒருத்தி.

“வில்வண்டிதான்.”

“அப்பச் சரி.” அவள் கை நிற்கவே இல்லை.

வள்ளி வளர்ந்தாள். வள்ளி பூப்பெய்தினாள். வள்ளிக்கு ஒருவன் மேல் மனசு போயிற்று. அவன் அப்பன் அந்த வீட்டுக் காட்டிலேயே கூலிக்கு உழுதவன் என்று பொன்னுத்தங்கம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இந்த இடத்திலாவது ஒரு கை நிற்கும் என்று அவள் நினைத்தாள்.

“தாயி, அந்தப் பொயலையக் கொஞ்சம் இங்கிட்டு எடுத்துப் போடுங்க” என்றாள் மூக்கம்மாள்.

மூக்கம்மாள்தான் அந்தக் கூட்டத்தில் மூத்தவள். மனசில் வஞ்சனை இல்லாதவள். வாயில் புகையிலை தீர்ந்துவிட்டது, கேட்டாள். பொன்னுத்தங்கத்துக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று.

இத்தனை வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்கு இந்த வள்ளி யாரென்று தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வள்ளி என்று யாரும் கிடையாது. அவள் பேர் கருப்பம்மாள். பொன்னுத்தங்கத்தின் நாத்தனார். பெரிய வீட்டு மொக்கைச்சாமியின் ஒரே மகள். நாலு வருஷத்துக்கு முன்னால் சுடலை என்பவனைக் கட்டிக்கொண்டு சிவகாசிக்குப் போய்விட்டாள். சுடலை அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அன்றிலிருந்து அந்தப் பேரை யாராவது எடுத்தால் மொக்கைச்சாமி சாப்பிடுகிற இலையிலிருந்து எழுந்துவிடுவார்.

போன தைப்பொங்கல் விடிகாலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பொன்னுத்தங்கம் தலையை நிமிர்த்தியபோது, எதிரே வேப்பமரத்தடியில் கருப்பம்மாள் இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். இவள் வாயைத் திறப்பதற்குள் திரும்பி நடந்து தெருமுனையைத் தாண்டிவிட்டாள். வீட்டில் சொன்னால் வீடு இரண்டாகும். சொல்லாமலும் பொன்னுத்தங்கத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தாள்.

எழுதி, மதராஸ் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினாள். நிறையச் சொல்கிறீர்கள், ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு யாராவது என்றால் அடுப்பில் போட்டிருப்பார்கள். இவள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?

அதற்குப் பதில் மாசி மாதத்தில் வண்டி ஏறி வந்து சேர்ந்தது. அவள் புருஷன் முத்துக்கருப்பன், சாத்தூர்க் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து, ஊருணிக்குத் தெற்கே தரிசாய்க் கிடந்த சொந்த நிலத்தில் டூரிங் டாக்கீஸ் போட்டான்.

“விதைக்க வேண்டிய நெலத்துல கூத்தாடியக் கொண்டாந்து நட்டுட்டான்” என்று மொக்கைச்சாமி ஒரு வாரம் மகனோடு பேசவில்லை.

பொன்னுத்தங்கமோ தினமும் கொட்டகைக்குப் போனாள். மற்றவர்கள் படம் பார்க்கப் போனார்கள், இவள் படத்தைப் பிரித்துப் பார்க்கப் போனாள். ஒரே படத்தை மூன்று நாள் பார்ப்பாள். முதல் நாள் கதை, இரண்டாம் நாள் கதை சொன்ன விதம், மூன்றாம் நாள் தரை டிக்கெட்டில் மண்ணைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்திருக்கிற ஜனங்களின் முகம்.

ஒரு படத்தில் ஒரு கஞ்சன் வந்தான். அவன் கஞ்சன் என்று யாருமே சொல்லவில்லை. விருந்தாளி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இலையில் சோறு இருக்கிற இடம் கைக்குத் தெரியாதா என்று சொல்லி விளக்கை ஊதி அணைத்தான். கொட்டகையே சிரித்தது. அன்றைக்கே பொன்னுத்தங்கம் தன் கதையில் வள்ளியின் அப்பாவைப் பற்றி ‘அவர் பிடிவாதக்காரர்’ என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டாள்.

இன்னொரு நாள் ஒலிபெருக்கி கெட்டு, கால்மணி நேரம் படம் ஊமையாக ஓடியது. அப்போதும் ஒரு கிழவி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அடேயப்பா, பேச்சே இல்லாமல் அழ வைக்க முடிகிறதே என்று பொன்னுத்தங்கத்துக்கு மெய்சிலிர்த்தது. வீட்டுக்கு வந்து வள்ளியின் பேச்சில் பாதியைக் குறைத்தாள்.

இவ்வளவு செய்தும் இன்று காலை மூக்கம்மாள் புகையிலை கேட்டுவிட்டாள். எங்கேயோ இன்னும் ஒரு பிசகு இருக்கிறது. அது எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

கிட்டங்கி வாசலில் நிழல் விழுந்தது. பெண்கள் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். மொக்கைச்சாமி உள்ளே வந்தார். காலை நேரத்து இருமல் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

குவியலிலிருந்து ஒரு வத்தலை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். விதை கலகலவென்றால் காய்ந்தது, சத்தம் இல்லை என்றால் நமுத்தது. விருதுநகர் மண்டிக்காரர்களுக்கு இந்த ஊர் வத்தல் மேல் இருந்த நம்பிக்கை எல்லாம் அந்தக் காதின் மேல் இருந்த நம்பிக்கைதான்.

“இன்னும் ஒரு வெயில் காயணும்” என்றார். பிறகு மருமகளைப் பார்க்காமல், “ஏத்தா, ஒரு வார்த்த.”

பொன்னுத்தங்கம் எழுந்து வெளியே வந்தாள்.

“சாத்தூர்ச் சந்தையில ஒருத்தன் எங்கிட்டயே கேக்கான். ஒங்க மருமக கொட்டகையில டிக்கெட் கிழிக்காளாமே, நெசந்தானாங்கான்.”

“நான் டிக்கெட் கிழிக்கல, மாமா. படந்தான் பாக்கேன்.”

“தெனமுமா?”

“தெனமுந்தான்.”

“என்னத்துக்கு?”

“கதை எழுதப் படிக்கேன், மாமா.”

மொக்கைச்சாமி அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். திட்டினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள், அந்தப் பார்வைதான் உறைத்தது.

“இந்தா பாரு. இன்னைக்கு ஒரு நாள் போயிக்கோ. புருஷன் தொழிலுன்னு விடுதேன். நாளையிலருந்து அங்கிட்டுத் தலை வச்சுப் படுக்கக் கூடாது. கதையும் வேண்டாம், கத்திரிக்காயும் வேண்டாம். இந்த வீட்டுப் பொம்பளைக வெளிய போயிப் படிச்சதெல்லாம் போதும்.”

கடைசி வாக்கியம் யாரைக் குத்துகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை.

“சரி, மாமா” என்றாள் பொன்னுத்தங்கம். கொட்டகை போனால் போகட்டும் என்று அவளால் நினைக்க முடியவில்லை. வேப்பமரத்தடியில் ஒருத்தி நின்றதை ஒருத்தியாவது சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரியாமலே தன் வாய் அடைபட்டுப்போகும் என்பதுதான் அவளை அரித்தது.

சாயங்காலம் கொட்டகையில் பாட்டுப் போட்டார்கள். ஒரு கூட்டம் பாயும் தலையணையுமாகக் கிளம்பியது.

படம் மூன்றாவது நாளாக ஓடியது. சுற்றுப்பட்டி ஜனங்கள் முறை வைத்து வந்ததால், அன்றைக்கு வந்தவர்களுக்கு அது புதுசு. பொன்னுத்தங்கத்துக்கு அது மனப்பாடம். கொட்டகையில் இருந்தது ஒரே மிஷின், அதனால் படத்தை நாலு பாகமாகப் பிரித்து ஓட்டுவார்கள். ஒரு பாகம் முடிந்ததும் விளக்குப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அந்த இடைவேளையில் முறுக்கும் சுக்குக் காப்பியும் விற்கும்.

முதல் பாகத்தில் ஒரு குதிரை வண்டிக்காரன் கல்யாணம் செய்துகொண்டு மனைவியோடு சந்தோஷமாக இருப்பான். ஒரு குழந்தை பிறக்கும். இரண்டாம் பாகத்தில் மனைவியின் தம்பி செய்த குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவன் ஜெயிலுக்குப் போவான், அந்த ரகசியம் மனைவிக்குத் தெரியாது. மூன்றாம் பாகத்தில் விடுதலையாகி வந்து, தன் வீட்டு வாசலிலேயே தன் குழந்தையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, யாரென்று சொல்லாமல் போய்விடுவான். நாலாம் பாகத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

முந்தின இரண்டு நாளும் தண்ணீர் குடிக்கிற காட்சியில் பெண்கள் ‘ச்சொ ச்சொ’ என்றார்கள். ஆண்களில் பாதிப் பேர் அப்போதே பீடிக்கு எழுந்துவிட்டார்கள். பாகம் முடிந்ததும் முறுக்குக் கூடை காலி.

இன்று முதல் பாகம் முடிந்தது. விளக்கு எரிந்து அணைந்தது. திரையில் ஜெயில் கதவு திறந்தது.

பொன்னுத்தங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது மூன்றாம் பாகம் அல்லவா!

ஆபரேட்டர் சோணைமுத்துவுக்கு இரண்டு நாளாகப் பல்வலி. கன்னம் வீங்கி, துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டுதான் மிஷினைப் பார்த்தான். நேற்று ஓடிய ரீலைத் திருப்பிச் சுற்றி வைக்கும்போது, இரண்டாம் பாகத்தின் தகர டப்பாவில் மூன்றாம் பாகத்தைப் போட்டு மூடியிருந்தான். இன்று தகரத்தின் மேல் போட்டிருந்த நம்பரை நம்பி மாட்டிவிட்டான்.

“ஏலே, என்னலே இது! இப்பத்தான பிள்ள பொறந்துச்சு, அதுக்குள்ள தாடி வளந்துருச்சு!” என்று தரையிலிருந்து ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. மண்ணை வாரித் திரை மேல் எறிந்தான் ஒருவன். கொட்டகை அமளிதுமளிப்பட்டது.

முத்துக்கருப்பன் தலைதெறிக்க ஆபரேட்டர் அறைக்கு ஓடினான். அறைக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து பொன்னுத்தங்கமும் எழுந்து ஓடினாள்.

“ஒன் பல்லுல இடி விழ! நிறுத்துலே மிஷின!”

“மொதலாளி, மன்னிச்சிருங்க மொதலாளி…” சோணைமுத்துவுக்கு வலியில் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

“நிறுத்தாதீக!” என்றாள் பொன்னுத்தங்கம்.

முத்துக்கருப்பன் திரும்பினான். “ஒனக்கு என்ன கிறுக்கா? கொட்டகையப் பிச்சு எறியப் போறானுக!”

“சத்தத்தக் கேளுங்க.”

“என்ன சத்தம்?”

“அதான். சத்தமே இல்ல.”

உண்மைதான். விசில் நின்றிருந்தது. திரையில் தாடிக்காரன் தன் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தான். வாசலில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. அது அவன் குழந்தைதான் என்று ஜனங்களுக்கு மெல்ல விளங்கியது. ஏன் ஜெயிலுக்குப் போனான்? ஏன் உள்ளே போகாமல் நிற்கிறான்? யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஒருவனும் அசையவில்லை. பீடி பற்ற வைத்தவன் இழுக்க மறந்து, விரலைச் சுட்டுக்கொண்டு உதறினான்.

இந்தச் சமயத்தில்தான் மொக்கைச்சாமி வந்தார். அமளிச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டிருந்தது. கீற்றில் தீப்பிடித்துவிட்டது, அல்லது வெட்டுக்குத்து என்று நினைத்துக் கம்பை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்திருந்தார். தீயும் இல்லை, சண்டையும் இல்லை. கூட்டம் முழுவதும் வாயைத் திறந்துகொண்டு ஒரு பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் பார்த்தார்.

திரையில் குழந்தை செம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தது. அவன் குடித்தான். செம்பைத் திருப்பிக் கொடுத்தான். வீட்டுக் கதவைப் பார்த்தான். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது.

“அவன் எதுக்குலே ஜெயிலுக்குப் போனான்?” என்று டிக்கெட்காரனிடம் கேட்டார் மொக்கைச்சாமி.

“நான் வாசல்லயே நிக்கேன், தெரியலையே ஐயா. பெறகு வர வேண்டியது முந்தி ஓடுது.”

“அது அவன் வீடுதான?”

“அப்படித்தான் தெரியுது ஐயா.”

“பெறகு ஏன் உள்ள போக மாட்டேங்கான்?”

டிக்கெட்காரன் ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டான். ஜென்மத்தில் சினிமாக் கொட்டகைக்குள் கால் வைக்காத மொக்கைச்சாமி, கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆபரேட்டர் அறை ஓரத்தில் நின்றிருந்த பொன்னுத்தங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா!

பாகம் முடிந்து விளக்கு எரிந்தது. முறுக்குக்காரன் வரிசைக்கு வரிசை போனான். ஒருத்தர்கூட வாங்கவில்லை. “அடுத்ததப் போடுங்கப்பா, சீக்கிரம் போடுங்கப்பா” என்ற குரல்கள்தான் கேட்டன. கூடை நிறைய முறுக்கோடு அவன் நடுவில் நின்று விழித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கூடையைப் பார்த்ததும் பொன்னுத்தங்கத்துக்குப் பொறி தட்டியது. அதே படம், அதே காட்சி, அதே மாதிரி ஜனங்கள். நேற்று வந்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருந்தது, எழுந்து போனார்கள். இன்று வந்தவர்களுக்குக் காரணம் தெரியவில்லை, ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஊரிலேயே பிடிவாதமான மனுஷன்கூட உட்கார்ந்துவிட்டார். தான் வள்ளி பிறந்ததிலிருந்து ஆரம்பித்து, எல்லாக் காரணத்தையும் முன்கூட்டியே சொல்லித் தீர்த்துவிட்டு, கடைசியில் அவளை வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? மூக்கம்மாள் புகையிலை கேட்காமல் வேறு என்ன செய்வாள்?

சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. பல்வலிக்காரன் சோணைமுத்துவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பிறகு இரண்டாம் பாகம் ஓடியது. வண்டிக்காரன் மச்சினனுக்காகக் குற்றத்தை ஏற்றுக்கொண்டபோது கொட்டகையே கை தட்டியது. படம் முடிகிற வரைக்கும் மொக்கைச்சாமி எழுந்திருக்கவில்லை.

திரும்பும்போது முத்துக்கருப்பன் மாட்டு வண்டியை ஓட்டினான். பின்னால் மாமனாரும் மருமகளும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். நாளையிலிருந்து கொட்டகை கிடையாது என்பதை அவர் மறுபடியும் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். வீட்டு முக்கு வந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

“அம்புட்டுத் தூரம் வந்தவன், கதவத் தட்டியிருக்கலாமுல்ல?”

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. முத்துக்கருப்பன் மாட்டை அதட்டினான்.

மறுநாள் காலை கிட்டங்கியில் அவள் உட்கார்ந்ததும் மூக்கம்மாள் அலுத்துக்கொண்டாள்.

“வள்ளிக்கு எப்பத் தாயி கல்யாணம்?”

“வள்ளி கதை வேண்டாம், அக்கா. இது வேற.”

“சரி, சொல்லுங்க.”

பொன்னுத்தங்கம் ஒரு வத்தலை எடுத்தாள். காம்பைக் கிள்ளாமல் விரலில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“பொங்கலன்னைக்கு விடிஞ்சும் விடியாத நேரம். ஒரு பெரிய வீடு. எதுத்தாப்புல வேப்பமரம். மரத்தடியில ஒருத்தி நிக்கா. இடுப்புல ஒரு பிள்ள.”

“யாரு அவ?”

“அத இப்பச் சொல்ல மாட்டேன். வீட்டுக் கதவு சும்மா சாத்தித்தான் கெடக்கு. அவ ரெண்டு எட்டு எடுத்து வைக்கா. உள்ளருந்து ஒரு இருமச் சத்தம் கேக்குது. அங்கனயே நின்னுட்டா.”

ஒரு கை நின்றது. பக்கத்தில் இன்னொரு கை நின்றது.

“தொழுவத்துல மாடு கத்துது. பிள்ள அதப் பாத்துக் கையத் தட்டிக்கிட்டுச் சத்தம் போடப் போச்சு. அவ சட்டுனு பிள்ள வாயப் பொத்துனா. பொத்திக்கிட்டு, அந்தக் கதவவே பாத்துக்கிட்டு நிக்கா. கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. பிள்ளதான் மூச்சு முட்டி முண்டுது.”

கிட்டங்கியில் ஒரு கையும் ஓடவில்லை. மூக்கம்மாள் வாயில் அடக்கியிருந்த புகையிலையைத் துப்பக்கூட எழுந்திருக்கவில்லை. பொன்னுத்தங்கம் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாழ்க்கையில் அவளுக்கு யாரும் மாலை போட்டதில்லை, இப்போது போட்ட மாதிரி இருந்தது.

பிறகுதான் கவனித்தாள். பெண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பினாள். மொக்கைச்சாமி நின்றுகொண்டிருந்தார். காதருகே தூக்கிய வத்தல் அப்படியே இருந்தது. கை ஆடவில்லை. தினமும் அவருக்கு முன்னால் வருகிற இருமல் இன்று வரவில்லை. அடக்கி வைத்திருந்தார். அடக்கி அடக்கி முகம் சிவந்திருந்தது.



“கதவத் தட்டுனாளா?” என்றார்.

“தட்டல, மாமா.”

“எதுக்கு?”

காரணத்தைக் கடைசி வரைக்கும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நேற்றுத்தான் படித்திருந்தாள். ஆனால் கேட்கிறவரே காரணமாக இருந்தால் என்ன செய்வது? அதற்கு எந்தப் படத்திலும் வழி காட்டவில்லை. பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னாள்.

“அது ஒங்களுக்குத்தான் தெரியும், மாமா.”

மொக்கைச்சாமி கத்தவில்லை. கை ஓங்கவில்லை. வத்தலைக் குவியலில் போடக் குனிந்தவர், போடாமல் நிமிர்ந்தார். அடக்கிய இருமல் இப்போது வந்துவிட்டது. வெகுநேரம் இருமினார். இருமி முடித்து, கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வத்தல் இருக்கிற இடத்தில் கண்ணீரை நம்பக் கூடாது என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் இதை நம்பலாம்.

“அவளுக்குப் பிள்ள இருக்கா?” என்றார். கதையில் வருகிற பெண்ணைக் கேட்கிற குரல் இல்லை அது.

“இருக்கு, மாமா.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“பொம்பளப் பிள்ள. செத்துப்போன அத்தையோட சாயல், மாமா. அப்படியே உரிச்சு வச்சாப்புல.”

மொக்கைச்சாமி தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு வாசலுக்கு நடந்து மகனைக் கூப்பிட்டார்.

“ஏலே முத்துக்கருப்பா! வண்டியப் பூட்டு.”

களத்திலிருந்து ஓடி வந்த முத்துக்கருப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “மண்டிக்கா? லோடு இன்னும் மூட்டை கட்டலையே அய்யா.”

“லோடு இல்ல. வண்டி மட்டும் போதும். நானே ஓட்டிக்கிடுதேன்.”

மாட்டைப் பூட்டி முடித்ததும் அவர் ஏறி உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தார். நேற்றுக் கொட்டகைக்குக் கொண்டு வந்த அதே கம்பை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

“நான் வர இருட்டிரும். சாயங்காலம் கொட்டகைக்குப் போறதுன்னா போயிட்டு வா.”

வண்டி நகர்ந்தது. ஊர் எல்லையில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போனால் விருதுநகர், மேற்கே போனால் சிவகாசி. பொன்னுத்தங்கம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டி மேற்கே திரும்பியது.

பின்னாலேயே பெண்கள் எழுந்து வந்து நின்றார்கள். யார் கையிலும் வேலை இல்லை.

“தாயி,” என்றாள் மூக்கம்மாள், “பெறகு என்ன ஆச்சு?”

அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பொன்னுத்தங்கம் இத்தனை நாளும் தவம் கிடந்தாள். கேட்டுவிட்டார்கள். தூரத்தில் வண்டியும், அதில் நெட்டுக்குத்தாக நின்ற அந்தக் கம்பும் சின்னதாகத் தெரிந்தன.

“தெரியலையே, அக்கா” என்றாள்.